ஏழில் திறக்கும் மாத்திரை

வின் சாவ் கடற்கரையில் இறால் வளர்ப்பவர்களுக்குக் குட்டையில் ஏதாவது சந்தேகம் என்றால் தோவாவைத்தான் கூப்பிடுவார்கள். அவள் வந்து, இரை வைத்து இறக்கியிருக்கும் வலைத்தட்டை, செக் ட்ரேயை, தண்ணீரிலிருந்து தூக்குவாள். துள்ளுகிற இறாலில் ஒன்றை இரண்டு விரலால் பிடித்து வெயிலுக்கு நேராகக் காட்டிப் பார்ப்பாள். கண்ணாடி போன்ற அந்த உடம்புக்குள் குடல் ஒரு கறுப்பு நூலாகத் தெரியும். நூல் அறாமல் ஓடினால் இரை ஒழுங்காக எடுத்திருக்கிறது. விட்டுவிட்டு இருந்தால் கோளாறு. அப்புறம் தட்டின் ஓரத்தில் கிடக்கும் இறால் கழிவைக் கிள்ளி விரலில் தேய்ப்பாள்.

"தீவனம் போட்ட நிறத்துலயே வெளிய வந்திருக்கு பாருங்க. உள்ள போச்சு, வந்துடுச்சு. உடம்புல ஒட்டல," என்பாள். பெரும்பாலும் அவள் சொன்னது சரியாக இருக்கும்.

நாற்பத்தொரு வயது. கணவன் கியெட்டோடு சேர்ந்து இரண்டு குட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷமாக அவளுடைய சொந்தக் குடல்தான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. ஒரு நாளைக்கு எட்டு தடவை, பத்து தடவை கழிப்பறைக்கு ஓட்டம். ரத்தம் வேறு. கன் தோ நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, பெருங்குடல் முழுக்கப் புண் என்றார்கள். உடம்பே தன் குடலைப் பகைத்துக்கொண்டு வருகிற அழற்சி, லேசில் போகாது, மருந்தால் அடக்கி வைக்கலாம் என்றார்கள். நாவற்பழ நிறத்தில் நீளமாக ஒரு மாத்திரை கொடுத்தார்கள். தினம் மூன்று. எட்டு மாதம் ஆகியும் குறைந்தபாடில்லை. நடுவில் கொஞ்ச நாள் ஸ்டீராய்டு கொடுத்ததில் ரத்தம் நின்றது, முகம் மட்டும் பூசணிக்காய் மாதிரி ஊதிப்போனது. ஸ்டீராய்டை நிறுத்தியதும் பழைய குருடி கதவைத் திறந்தாள்.

அவளைப் பார்க்கும் டாக்டர் குவேன் முப்பத்தைந்து வயதுப் பெண். கனிவானவள்தான், ஆனால் வெளியே ஐம்பது பேர் காத்திருப்பார்கள். அந்தப் பங்குனி வெயிலில் தோவா போனபோது ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அக்கா, மறைக்காம சொல்லுங்க. மாத்திரைய ஒழுங்கா போட்டுக்கிறீங்களா?"

"மூணு வேளையும் போடறேன் டாக்டர். ஒரு நாள்கூட விட்டதில்ல."

"சரி. நிறைய பேரு கொஞ்சம் சரியானதும் விட்டுடுவாங்க, அதான் கேட்டேன். அடுத்த தடவையும் இப்படியே இருந்தா வேற வழியில்ல. உடம்போட எதிர்ப்பு சக்தியையே மட்டுப்படுத்தற ஊசிக்குத்தான் போகணும்."

டாக்டர் கோப்பில் எழுதுவதைத் தோவா தலைகீழாகவே படித்துவிட்டாள். 'மருந்து சரியாக உட்கொள்வது சந்தேகம்.' பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பஸ்ஸில் இரண்டரை மணி நேரமும் அந்த நான்கு வார்த்தை நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே வந்தது.

வீட்டு வாசலில் வெங்காயம் காயப் போட்டிருந்தது. கியெட் அதைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"என்ன சொன்னாங்க?"

"நான் மாத்திரைய முழுங்கறதில்லையாம்."

கியெட் கிளறுவதை நிறுத்தினான். "முழுங்கறதானே?"

"நீங்களுமா?"

"இல்லடி, சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கறதுக்கு நான்தான் கெடைச்சேனா? நாளைலேருந்து வாயத் தொறந்து காட்டறேன், டார்ச் அடிச்சுப் பாருங்க."

மறுநாள் காலை இரண்டாவது குட்டையில் செக் ட்ரேயைத் தூக்கி, கழிவை விரலில் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஊரில் இருக்கிற அத்தனை இறாலின் கழிவையும் பார்த்தாயிற்று. உள்ளே போனதா, ஒட்டியதா, வெளியே வந்ததா என்று எல்லோருக்கும் சொல்லியாயிற்று. தன்னுடையதை ஒருநாளாவது பார்த்திருக்கிறாளா? ரத்தம் இருக்கிறதா இல்லையா என்று ஒரு பார்வை, உடனே தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓடிவந்துவிடுவாள்.

அன்றைக்கே பழைய இறால் குஞ்சு வலை ஒன்றை வட்டமாக வெட்டி, பிளாஸ்டிக் வாளியின் மேல் கட்டினாள். ரப்பர் கையுறை எடுத்துக்கொண்டாள். மழைநீர்ப் பானையிலிருந்து ஒரு குடம் மொண்டுகொண்டு வீட்டுக்குப் பின்னால் போனாள். கியெட் அதைப் பார்த்துவிட்டான்.

"அங்க என்ன பண்ற?"

"செக் ட்ரே பாக்கறேன்."

"கக்கூஸுலயா?"

"இங்கதானே என்னோட தட்டு இருக்கு. அந்தப் பக்கம் போங்க."

முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் காலை, தண்ணீர் ஊற்றி அலசியபோது வலையில் ஏதோ தட்டுப்பட்டது. விரலால் நகர்த்தினாள். நாவற்பழ நிறம், நீளம், இரண்டு பக்கமும் உருண்டை. பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்தது போலக் கீறல்கூட இல்லாமல் முழு மாத்திரை!

தோவாவுக்கு முதலில் வந்தது சிரிப்புதான். அப்புறம் அழுகை வந்தது. அழுகை அடங்குவதற்குள் இன்னொன்று வந்து அவளைப் பிடித்துக்கொண்டது: ஏன் இது திறக்கவில்லை?

மழைநீரில் நன்றாகக் கழுவி எடுத்து வந்து, புளிப்பைக் காட்டும் பி.எச். அளவைப் பார்ப்பதற்காகக் குட்டையிலிருந்து மொண்டு வைத்திருந்த தண்ணீர் டம்ளரில் அதைப் போட்டாள். வேறு பாத்திரத்தை அசிங்கப்படுத்த வேண்டாமே என்ற நினைப்புதான். மதியம் கஞ்சி குடித்துவிட்டு வந்து பார்த்தால் டம்ளரில் மாத்திரையைக் காணோம். மேல் தோல் கரைந்து, அடியில் சாம்பல் நிற மாவு குவிந்து கிடந்தது.

"ஏங்க, இங்க வாங்க! இது குட்டைத் தண்ணில தெறக்குது. எனக்குள்ளதான் தெறக்கமாட்டேங்குது."

கியெட் தள்ளி நின்று எட்டிப் பார்த்தான். "அந்த டம்ளர்ல இனிமே யாரும் காபி குடிக்க வேணாம்," என்றான். பிறகு அடியில் கிடந்த மாவைப் பார்த்துக்கொண்டே சொன்னான், "அப்ப நீ முழுங்கிட்டுத்தான் இருந்திருக்க."

"இப்பவாவது நம்புறீங்களே."

ஒன்பது நாள் பார்த்தாள். விழுங்கியது இருபத்தேழு, திரும்பி வந்தது பத்தொன்பது. டம்ளரில் கரைந்துபோனது போக மற்றவற்றைக் கழுவி உலர்த்தி, மீன்சாறு வாங்கிய ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு மூடி, கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கும் லாமிடம் கொண்டுபோனாள். மருந்தாளுநர் படிப்பு படித்தவர் லாம். கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்வார். ஜாடியை ஆசையாக வாங்கித் திறக்கப்போனார்.

"புது மாத்திரையா? எந்தக் கம்பெனி?"

"பழசுதான் அண்ணே. எனக்குள்ள போய்ச் சுத்திப் பாத்துட்டு வந்தது."

லாம் ஜாடியைக் கல்லாவின் மேல் வைத்துவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "முன்னாடியே சொல்லித் தொலைக்க மாட்டியா?"

"நல்லா கழுவினதுதான். வெறும் மழைத்தண்ணில."

"சோப்பு போடல?"

"போட்டா கரைஞ்சிடுமோன்னு ஒரு பயம். குட்டைத் தண்ணிலயே கரைஞ்சிடுச்சே."

அந்த வார்த்தையைக் கேட்டதும் லாமின் முகம் மாறியது. ஸ்டூலை இழுத்துப் போட்டார். "குட்டைத் தண்ணி பி.எச். எவ்வளவு?"

"எட்டு. எட்டே கால்."

"உக்காரு," என்றார். "இந்த மாத்திரை எங்க போய் வேலை செய்யணும்? பெருங்குடல்ல. வாய் வழியா போறது வயித்துலயே கரைஞ்சா ரத்தத்துல கலந்து எங்கெங்கயோ போயிடும், புண்ணு இருக்கற இடத்துக்கு மிஞ்சாது. அதுக்குத்தான் இந்தத் தோல். புளிப்புல இது கரையாது. வயித்துல சரியான புளிப்பு, கம்முனு இருக்கும். சிறுகுடல்ல போகப் போகப் புளிப்பு குறையும். கடைசி முனைல ஏழு வரும். ஏழு வந்தாத்தான் இது தெறக்கும். அதைத் தாண்டினா பெருங்குடல்."

"தீவனத்துல மருந்த கலந்து மேல கணவாய் எண்ணெய் பூசற மாதிரி."

"எதுக்குப் பூசற?"

"தண்ணில கரைஞ்சு வீணாப் போகாம இறால் வயித்துக்குப் போய்ச் சேரணுமே."

"அதேதான். மாத்திரைக் கம்பெனிக்காரன் எண்ணெய்க்குப் பதிலா வேற ஒண்ணு பூசறான்."

"அப்ப எனக்குள்ள ஏழு வரலையா அண்ணே?"

லாம் தலையைச் சொறிந்தார். "வராம இருக்கலாம். இல்ல, வந்தும் நிக்க நேரமில்லாம ஓடியிருக்கலாம். உனக்குத்தான் ஒரு நாளைக்குப் பத்து தடவை போகுதே. எனக்கு அவ்வளவுதான் தெரியும். இதை டாக்டர்ட்ட கொண்டு போ."

அவள் நேராக டாக்டரிடம் போகவில்லை. வீட்டில் நான்கு டம்ளர் வைத்தாள். ஒன்றில் காடித் தண்ணீர், ஒன்றில் மழைநீர். மூன்றாவதில் மழைநீரோடு சமையல் சோடாவைத் துளித்துளியாகக் கலந்து, குட்டைக்கு வைத்திருந்த பி.எச். கிட்டின் சொட்டு மருந்தை விட்டு நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு, சரியாக ஏழுக்குக் கொண்டுவந்தாள். நான்காவதில் குட்டைத் தண்ணீர். ஒவ்வொன்றிலும் ஒரு புது மாத்திரையும் ஜாடியிலிருந்து ஒரு பழைய மாத்திரையும் போட்டாள். குட்டைக்குக் காற்றடிக்கும் ஏரேட்டரைப் பழுது பார்க்க வந்தவன் எட்டிப் பார்த்துவிட்டு, என்ன பலகாரம் அக்கா என்றான். எடுத்துச் சாப்பிடப் போனவனைக் கியெட் பாய்ந்து தடுத்தான்.

சாயங்காலம்வரை பார்த்தாள். காடியிலும் மழைநீரிலும் கிடந்தவை அசையவில்லை. ஏழில் கிடந்தவற்றின் தோல் மெல்லச் சுருங்கி ஓரம் வெளுத்தது. குட்டைத் தண்ணீரில் புதியதும் திறந்தது, பழையதும் திறந்தது. ஆகவே மாத்திரையில் குற்றமில்லை. அவளுக்குள் போய்த் திரும்பியதால் அதற்கு ஒன்றும் ஆகிவிடவும் இல்லை.

மறுநாள் காலை அந்தக் கிட்டை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் பின்னால் போவதைப் பார்த்த கியெட், "இதுக்கு மேல பாக்க என்னடி பாக்கி இருக்கு?" என்று கூவினான். கழிவில் கொஞ்சம் மழைநீரில் கலக்கித் தெளியவைத்து, அந்தத் தெளிவில் சொட்டு மருந்தை விட்டாள். அட்டையில் கடைசியாக இருக்கும் ஆறு என்ற மஞ்சளைவிட வெளிறிய மஞ்சள் வந்தது, ஆறுக்கும் கீழே, அவ்வளவு புளிப்பு. குட்டையில் இப்படி வந்திருந்தால் மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு இறக்கியிருப்பாள்.

டாக்டர் குவேன் கொடுத்த தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. தோவா காத்திருக்கவில்லை. ஜாடியைத் துணிப்பைக்குள் சுற்றி எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினாள்.

மேஜைமேல் ஜாடியை வைத்ததும் டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள்.

"இது என்னக்கா?"

"நான் முழுங்காத மாத்திரை, டாக்டர்."

டாக்டருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் ஜாடியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். தோவா இறாலைத் தூக்கிப் பார்க்கிற அதே மாதிரி. எத்தனை நாள், எத்தனை வந்தது, எதில் கழுவினீர்கள், சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். டம்ளர் கதையைச் சொன்னபோது நாற்காலியை முன்னுக்கு இழுத்தாள். மஞ்சள் நிறத்தைச் சொன்னதும், "அது வெளிய வந்ததோட கணக்கு. குடலுக்குள்ள, அந்த இடத்துல எவ்வளவுன்னு அதை வெச்சு அடிச்சுச் சொல்ல முடியாது," என்றாள். "ஆனா மாத்திரை தெறக்கல. அதுல சந்தேகமே இல்ல."

கதவைத் தட்டிய நர்ஸிடம் ஐந்து நிமிடம் என்று விரலைக் காட்டினாள். கோப்பைப் புரட்டி, பழைய பக்கத்தில் தான் எழுதிய வரியைக் குறுக்கே அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். பிறகு கோப்பைத் தோவாவின் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"நான் எழுதினது தப்புக்கா. மன்னிச்சுக்கோங்க. இப்படி முழுசா வெளிய வரும்னு படிச்சிருக்கேன். உங்ககிட்டக் கேக்கணும்னு தோணல."

பஸ்ஸில் வரும்போது தோவா நிறையப் பேசவேண்டும் என்று சேர்த்து வைத்திருந்தாள். எல்லாம் எங்கோ போய்விட்டது. "பரவால்ல டாக்டர். என் வீட்டுக்காரரே நம்பல," என்றாள்.

"ஊசி இப்ப வேண்டாம். அந்த மருந்து உங்க புண்ணு மேல சரியா பட்டதே இல்லையே. படாத மருந்த வேலை செய்யலன்னு எப்படிச் சொல்றது? வேற விதமா அனுப்பிப் பாக்கலாம்." டாக்டர் ஒரு தாளில் இரண்டு வட்டம் போட்டு நடுவில் ஒரு கோடு இழுத்தாள். "இது வேற மருந்து, ரொம்ப காலமா இருக்கறது. புளிப்பு, ஏழு, எட்டு எதுவும் இதுக்குத் தேவையில்ல. ரெண்டு துண்டு சேந்திருக்கு. சேந்திருக்கறவரைக்கும் வேலை செய்யாது. பெருங்குடல்ல இருக்கற கிருமிங்கதான் இந்த நடுக்கோட்டை அறுக்கும். அறுத்தா உங்க மாத்திரைல இருக்கற அதே மருந்து வெளிய வரும்."

"கிருமியா? நல்ல கிருமியா?"

"நம்மகூடவே இருக்கறது. எல்லாருக்குள்ளயும் இருக்கும்."

"நாங்க குட்டைல வளக்கறோமே, கரும்புப் பாகு ஊத்தி, மூடி வெச்சு... அந்த மாதிரியா? அப்ப நானும் பாகு குடிச்சா அதுங்க நல்லா அறுக்குமா?"

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தாள். "வேண்டாம்கா. இருக்கறதே போதும். சல்ஃபா மருந்து எதுவும் உங்களுக்கு ஒத்துக்காம போயிருக்கா? இல்லையா, சரி. கொஞ்சங்கொஞ்சமா ஏத்துவோம். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் பாக்கணும். காய்ச்சலோ உடம்புல தடிப்போ வந்தா உடனே நிறுத்திட்டு ஃபோன் பண்ணுங்க."

எழுந்த தோவா மறுபடியும் உட்கார்ந்தாள். "டாக்டர், ஒண்ணே ஒண்ணு. எனக்குள்ள ஏன் இப்படிப் புளிச்சுப் போச்சு? புண்ணு வந்ததால புளிச்சுதா, புளிச்சதால புண்ணு வந்துதா?"

"புண்ணு வந்தா புளிக்கும்னு சொல்றாங்க. முழுசா யாருக்கும் தெரியலக்கா. எனக்கும் தெரியாது."

அந்தப் பதில் தோவாவுக்குப் பிடித்திருந்தது. இந்த இரண்டு வருஷத்தில் அந்த அறையில் தெரியாது என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை.

புது மருந்தில் முதல் பத்து நாள் தலைவலியும் குமட்டலும். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதைப் பார்த்துக் கியெட் பதறி, பைக்கை ஸ்டார்ட் செய்துவிட்டான். அது அப்படித்தான் போகும் என்று லாம் ஃபோனில் சொன்ன பிறகுதான் அணைத்தான். ஐந்தாவது வாரம் ரத்தம் நின்றது. எட்டாவது வாரம் நாளைக்கு இரண்டு தடவை என்று ஆனது. மைத்துனன் மகள் கல்யாணத்தில் மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்து, பந்தி முடியும்வரை சாப்பிட்டாள். பக்கத்தில் இருந்தவர்களுக்கு அதில் என்ன அதிசயம் என்று தெரியாது. கியெட்டுக்குத் தெரியும். அவன் அவள் தட்டில் மீனை வைத்துக்கொண்டே இருந்தான்.

மூன்றாவது மாதம் டாக்டர் குவேன் அவளைக் கூப்பிட்டாள். அந்த நாவற்பழ நிற மாத்திரையைப் போட்டும் குறையாதவர்கள் ஏழு பேர் இருக்கிறார்கள், தான் கேட்டால் ஒருவரும் பார்த்துச் சொல்லமாட்டேன் என்கிறார்கள், வெட்கப்படுகிறார்கள், நீங்கள் வந்து பேச முடியுமா என்றாள். தோவா வாளியையும் வலையையும் கையுறையையும் தூக்கிக்கொண்டு போனாள். அந்த ஏழு பேரும் நடைபாதை ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"எல்லாரும் பத்து தடவை போறவங்கதானே, இதுல என்ன வெக்கம்?" என்று ஆரம்பித்தாள். வாளியில் எப்படி வலை கட்டுவது, தண்ணீரை எப்படி மெதுவாக ஊற்றுவது, ஏன் சோப்புப் போடக் கூடாது என்றெல்லாம் சொன்னாள். மூக்கை எப்படிக் கட்டிக்கொள்வது என்று அவள் செய்து காட்டியதும் இரண்டு பெண்கள் சிரித்துவிட்டார்கள். முன் வரிசையில் இஸ்திரி போட்ட சட்டையோடு இருந்த ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் தியூ மட்டும் எழுந்தார். "முப்பது வருஷம் பள்ளிக்கூடம் நடத்தினவன் நான். இதுக்கெல்லாம் வேற ஆளப் பாருங்க," என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். தோவா அவர் விட்டுப்போன நாற்காலியில் தன் ஃபோன் நம்பர் எழுதிய தாள் ஒன்றை வைத்தாள். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பார்த்தால் தாளைக் காணோம்.

இரண்டு வாரத்தில் ஒரு பெண்ணிடமிருந்து கண்டுபிடித்துவிட்டேன் என்று செய்தி வந்தது. மற்றவர்களில் நான்கு பேருக்கு ஒன்றும் வரவில்லை. அவர்களுக்கு வேறு ஏதோ காரணம் என்று டாக்டர் குறித்துக்கொண்டாள். இன்னொருத்தி பார்க்கவே இல்லை.

ஒரு காலை தோவா குட்டைக்கரையில் நிற்கும்போது ஃபோன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்ததும் தொண்டையைக் கனைக்கும் சத்தம்.

"அம்மா, நான் தியூ பேசறேன். அன்னைக்கு எழுந்து போனேனே... அந்த ஆள்."

"சொல்லுங்க சார்."

"ரெண்டு கிடைச்சுது." குரல் தாழ்ந்தது. வீட்டில் யாருக்கும் கேட்கக் கூடாது போலிருந்தது. "ஆனா நீங்க சொன்ன மாதிரி இல்ல. ஒண்ணு முழுசா இருக்கு. இன்னொண்ணு பாதி தெறந்திருக்கு. உள்ள பாதி மாவு அப்படியே நிக்குது. இதுக்கு என்ன அர்த்தம்?"

தோவா செக் ட்ரேயைக் கரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பாதி திறந்தது அவளுக்கு வந்ததே இல்லை. புளிப்பான இடம் என்றால் திறக்கவே கூடாது. ஏழு என்றால் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். அவருக்குள் எங்கேயோ ஒரு இடத்தில் ஏழைத் தொட்டுவிட்டு மறுபடியும் இறங்கியிருக்குமோ? இல்லை, திறக்கத் தொடங்கும்போதே வெளியே வந்துவிட்டதோ?

"எனக்குத் தெரியல சார். டாக்டர்ட்டக் கேட்டுடுவோம். தூக்கிப் போட்டுடாதீங்க. தோலு எந்தப் பக்கம் தெறந்திருக்கு? முனைலயா, நடுவுலயா?"

"முனைலன்னுதான் நினைக்கிறேன்."

"ரெண்டு முனைலயுமா, ஒண்ணுலயா?"

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"இரும்மா," என்றார் தலைமையாசிரியர். "கண்ணாடிய எடுத்துப் போட்டுட்டு வரேன்."